எங்கள் ஜூதப்பள்ளியும் உதுமான் மச்சானும்

உதுமான் மச்சான் மவுத்தான செய்தி வந்தபோது நான் வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் அங்கே யாரும் கூவி ஏலம் விடுவதில்லை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், கையில் மாதிரிக் காய், பட்டனைத் தட்டினால் விலை ஏறும். அக்கா மகன் போனில், "மாமு, அத்தா போயிட்டாங்க" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. என் விரல் பட்டனிலேயே இருந்திருக்கிறது. எத்தனை முறை அழுத்தினேனோ, எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரர் தோளைத் தட்டி, "சரக்கு உங்களுக்குத்தான் பாய்" என்றார். அன்றைக்கு வந்ததிலேயே மட்டமான, வெளுத்துப்போன காய். யாரும் சீண்டாத அந்தக் காயை நான் தனியாளாக என்னோடு நானே போட்டி போட்டு வாங்கியிருக்கிறேன். போகும்போதும் என்னை ஒரு தடவை முட்டாளாக்கிவிட்டுத்தான் போனார் மனிதர்.

கம்பம் இறங்கி, தேனி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று கார் ஓடியது. வழி நெடுக மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். பழனி தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி டீ வாங்கிக் கொடுத்தார். கோபாலபுரம் சோதனைச்சாவடியைக் கடந்து ஊருக்குள் நுழையும்போது மாலை அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. எனக்காகத்தான் அடக்கத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

ஜமாஅத் மலருக்கு அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஏனப்பா, என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே என்றேன். "அவரோட ஜாஸ்தியாச் சண்ட போட்டது நீங்கதானுங்களே" என்றான் ஒருவன். மறுக்க முடியவில்லை. என் அக்காவைக் கட்டியவர், சாக்கு வியாபாரி, எங்கள் பள்ளிவாசல் கமிட்டியின் நிரந்தரச் செயலாளர் ஹாஜி உதுமான் கனி ராவுத்தர். நான் ஏலக்காய் ஜமால், அவருடைய மைத்துனன், அதே கமிட்டியின் நிரந்தரத் துணைச் செயலாளன். துணை என்று பெயர்தான். அவர் ஒன்று சொன்னால் நான் வேறொன்று சொல்வது என் வேலை.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் பள்ளிவாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பலகையில் அழகான அரபுப் பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் ஊரில் ஒருவருக்கும் வழி தெரியாது. பஸ் கண்டக்டர், பால்காரர், வில்லேஜ் ஆபீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அது ஜூதப்பள்ளிதான். ஜூதர் என்றால் யூதர். கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த யூத வியாபாரிகள் தங்கள் பிரார்த்தனைக்காகக் கட்டிய கட்டடம் அது. செம்பாறைச் சுவர், ஓட்டுக் கூரை, உட்கூரையில் தாமரை செதுக்கிய மரத்தட்டு, பெண்கள் உட்கார மேலே மரச்சட்டம் போட்ட ஒரு மாடம். அவர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குக் கிளம்பிய காலத்தில், கடைசியாக இருந்த முட்டை வியாபாரி ஏலியாஸ் முதலாளி, அந்தக் கட்டடத்தை மச்சானுடைய அத்தாவிடம் ஒப்படைத்தார். ஜமாஅத் பெயருக்கு ஆதாரப் பத்திரம் எழுதி, வில்லேஜில் பதிந்து, முறையாகக் கொடுத்ததுதான். "தொழுக நிக்காமப் பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாராம். அது ஆதாரத்தில் இல்லை. மச்சானின் தலைக்குள் இருந்தது.

அந்தக் கட்டடத்தில் ஒரு கோணல் உண்டு. யூதர்கள் ஜெருசலேமைப் பார்த்துத் தொழுவார்கள். நமக்கு ஜெருசலேமும் மேற்கே, மக்காவும் மேற்கே. ஆனால் ஜெருசலேம் கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கிறது. கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள், சுவரைத் துல்லியமாக அங்கே பார்க்க வைத்துவிட்டார்கள். அதனால் நாங்கள் சுவருக்கு நேராக நிற்க முடியாது, சற்று இடப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். பாயையும் சாய்த்துத்தான் விரிக்க வேண்டும். முன்வரிசையின் வலது முனை சுவரை முட்டும். இடது முனையில் முக்கோணமாக ஓர் இடம் மிஞ்சும். தொழவைக்கும் ஹஜ்ரத் முன்னால் நிற்பதைப் பார்த்தால் கல்யாண போட்டோவுக்குத் தோளைத் திருப்பி நிற்கும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். மிஞ்சிய முக்கோணத்தில் மச்சான் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, தொழுகை முடிந்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, மினாராவும் மேல்தளமுமாகப் பெரிய பள்ளி கட்ட வேண்டும் என்று ஆசை. ஒளிக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாதிப் பேர் முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறார்கள். மழை வந்தால் சுஜூதில் நெற்றி சேற்றில் படுகிறது. சுற்றிலும் எல்லா ஊர்களிலும் பளிங்கு போட்டுவிட்டார்கள், நாம் மட்டும் ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் மச்சான் கேட்பார்: "பள்ளி சின்னதா இருக்குன்னு சொல்றவங்கெல்லாம் விடியக்காலம் சுபுஹுக்கு வந்து எண்ணிப் பாக்கட்டும். ஒரு சப்பு வரிச நெறையுதான்னு சொல்லு மாப்ளே." இன்னொரு நாள், "பழசானா இடிக்கணும்னா மொதல்ல நம்ம ரெண்டு பேத்தையும் இடிக்கணும்" என்றார். கமிட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு ஆத்திரம்.

அவர் ஒருபோதும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதுதான் அவருடைய வித்தை. நான் இடிப்புத் தீர்மானம் கொண்டு வந்தால், பணிவாக வாங்கி, நிகழ்ச்சி நிரலில் கடைசியாகப் போடுவார். அதற்கு முந்தின விஷயமாக நோன்புக் கஞ்சியைப் போடுவார். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சியில் கறி போடுவதா, வெறும் பாசிப்பருப்பா, புதினா எவ்வளவு, போன வருஷம் வெந்தயம் கூடிவிட்டதற்கு யார் பொறுப்பு என்று ஆரம்பித்தால் எழுந்து நின்று பேசாத ஆளே கிடையாது. பேச்சு சூடு பிடித்து முடிவதற்குள் பாங்கு சொல்லிவிடுவார்கள். "சரி, மிச்சத்த அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று மச்சான் தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்துவிடுவார். நோன்பு இல்லாத ரஜப் மாதத்திலும் கஞ்சி, முஹர்ரத்திலும் கஞ்சி. வருஷக்கணக்கில் என் தீர்மானம் கஞ்சியில் மூழ்கிக் கிடந்தது.

நான் விடுவேனா? கோணலைப் பிடித்தேன். மக்காவின் திசையான கிப்லாவை நோக்காத கட்டடத்தை வைத்துக்கொண்டிருக்கலாமா என்று ஒரு ஜும்ஆ முடிந்ததும் எழுந்து கேட்டேன். கையோடு, "போனில் திசை காட்டும் ஆப் இருக்கிறது, இப்போதே நிரூபிக்கிறேன்" என்று சொல்லி ஐந்து பேரின் போன்களை வாங்கி வரிசையாகத் தரையில் வைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். ஐந்தும் ஐந்து பக்கம் காட்டின. ஒன்று எதிரேயிருந்த பரோட்டாக் கடையைக் காட்டியது. மச்சான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உங்ககிட்ட அஞ்சு மக்கா இருக்குது மாப்ளே. எனக்கு ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு முக்கோணத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சர்வேயரை வைத்து அளந்து, கோணல் உண்மைதான் என்று நான் காகிதத்தில் எழுதி வாங்கியதை யாரும் படிக்கவில்லை.

கார்பெட் கதை எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நான் மறைத்தேன் என்று இருக்கக் கூடாது. மச்சான் மக்காவுக்கு உம்ரா போன சமயம். துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் புது கார்பெட் கொடுத்தார்கள், வரிசைக் கோடுகள் அதிலேயே நெய்தது. செயலாளர் ஊரில் இல்லை, ஆகவே பொறுப்பு எனக்கு. கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்து, சுவரோடு சுவராக விரித்து, ஓரம் வெட்டி, பசை தடவி ஒட்டிக் கொடுத்தார்கள். பார்க்க என் கண் நிறைந்தது. முக்கோணமே காணாமல் போய், ஒரு சப்பு கூடுதலாகக் கிடைத்தது. எங்கள் ஹஜ்ரத் அப்போது லீவில் இருந்தார். பதிலுக்கு வந்திருந்தவர் ஊருக்குப் புதியவர், கோட்டைப் பார்த்து நின்றார். அவரைப் பார்த்து நாங்கள் நின்றோம். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் திரும்பி நின்ற ஊர், புது கார்பெட்டைக் கண்ட சந்தோஷத்தில் திரும்ப மறந்துவிட்டது. கோணல், கோணல் என்று தொண்டை கிழியக் கத்திய நானே மறந்துவிட்டேன், போதுமா?

மச்சான் திரும்பி வந்த அன்று பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீருமாக நண்பகல் லுஹர் தொழுகைக்கு வந்தார். வாசலில் நின்று கீழே பார்த்தார்.

"இது யாரு மாப்ளே விரிச்சது?"

"நாந்தானுங்க மச்சான். எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்குது" என்றார். முன்னால் போனார், தன் வழக்கப்படி இடப்பக்கம் திரும்பி நின்றார், குனிந்து காலடிக் கோட்டைப் பார்த்தார், நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தார்.

"நான் அங்க கஅபாவுக்கு முன்னால நின்னுட்டு உங்களுக்கெல்லாம் துஆ கேட்டுட்டிருக்கேன். நீங்க இங்க ஊரோட ஜெருசலேத்தப் பாத்துட்டு இருந்தீங்களாக்கும்! எத்தன நாளு?"

"பதினோரு நாளுங்க" என்றேன்.

"ஏலியாஸ் முதலாளி போயி இத்தன வருசம் ஆச்சு. அவரு பள்ளியில, அவரு தெசையில, ஊரையே தொழ வச்சுட்டியே! அவரால பத்துப் பேரச் சேக்கறதே கஷ்டமாம். நீ நானூறு பேரச் சேத்துட்ட."

லீவு முடிந்து வந்த ஹஜ்ரத், கொஞ்சம் விலகினாலும் தொழுகை செல்லும், திருப்பித் தொழ வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அப்படியும் எங்கள் அப்பாஸ் பாய் மனசு கேட்காமல் ஐம்பத்தைந்து வேளையையும் ஒரு வாரத்தில் திருப்பித் தொழுது இடுப்புப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கார்பெட்டைப் பிய்த்து, சாய்த்து வெட்டி, மறுபடி ஒட்டினோம். முக்கோணம் திரும்பி வந்தது. என் வாதம் திரும்பவில்லை. கோணலாகத் தொழுதாலும் செல்லும் என்று ஹஜ்ரத்தே சொன்ன பிறகு, கோணலுக்காக ஏன் இடிக்க வேண்டும் என்று மச்சான் மெதுவாகக் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பதினோரு நாளை அவர் சொல்லாத இடமில்லை. என் மகள் ஷாஹிதாவின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், எந்த நாள் எந்த வேளையில் யார் யார் எந்த வரிசையில் நின்றார்கள் என்பது வரை விவரித்தார். ஏதோ தானும் கூட நின்று பார்த்தவர் மாதிரி. சம்பந்தி இன்றைக்கும் என்னைக் கண்டால் முதலில் மேற்கு எது என்று கேட்கிறார்.

கடைசியில் ஒரு மழைக்காலம் எனக்குக் கைகொடுத்தது. ஒரு ஜும்ஆவில் தார்ப்பாய் கிழிந்து முற்றத்திலிருந்தவர்கள் அத்தனை பேரும் நனைந்துபோனார்கள். நனைந்தவர்களில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். பதினோரு பேர் கொண்ட கமிட்டியில் என்னோடு சேர்த்து ஆறு பேர் இடிப்பதற்குத் தயாரானோம். மச்சானுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கஞ்சி இனி உதவாது. "சரி, இடிச்சுக்கலாம்" என்றார். "ஆனா கொடுத்தவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும். நான் லெட்டர் போடறேன். பதில் வந்த அடுத்த நாள் இடிக்கலாம்." நியாயமாகத்தான் தோன்றியது. அவர் உறையில் எழுதிய விலாசத்தைப் பிறகுதான் பார்த்தேன்: ஏலியாஸ் முதலாளி, முட்டை வியாபாரம், இஸ்ரேல். அவ்வளவுதான். அதையும் ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பியிருக்கிறார். முதலாளி உயிரோடிருந்தால் நூற்றிருபது வயசிருக்கும். நான் கூட்டத்தில் கேட்கும்போதெல்லாம், "தபால் போயிட்டிருக்கும் மாப்ளே, தூரமில்லியா?" என்பார். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஷாஹிதாவிடம் புலம்பினேன். அவள் பள்ளியைப் போட்டோ எடுத்து, கொச்சியிலிருந்து போன யூதக் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் ஏதோ ஒரு குழுவில் போட்டாள். ஆறாவது நாள் பதில். ஏலியாஸ் முதலாளியின் மகள் ரிவ்கா இருக்கிறார், இங்கிருந்து போகும்போது அவருக்கு ஒன்பது வயது, வீடியோவில் பேச ஆசைப்படுகிறார் என்று ரிவ்காவின் பேத்தி எழுதியிருந்தாள். மச்சானிடம் போய்ச் சொன்னேன். தபால் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாத முதல் நாள் அது. எனக்கு அவ்வளவு இனித்தது.

லுஹர் முடிந்து கமிட்டி முழுவதும் பள்ளி வாசல்படியில் கூடிவிட்டோம். அந்த நாட்டுச் சண்டையைப் பற்றிப் பேப்பரில் வருகிற எதையும் பேசக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். அந்தப் பக்கமும் அப்படி முடிவு செய்திருப்பார்கள் போல, ஒரு வார்த்தை வரவில்லை. திரையில் வெள்ளை முடியோடு ஓர் அம்மா தெரிந்தார். ஆங்கிலமா மலையாளமா என்று நாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது, "ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?" என்றார். எங்கள் வாரச்சந்தையில் முட்டைக்கூடையோடு உட்கார்ந்திருக்கிற அக்காக்கள் பேசுகிற அதே பேச்சு. பக்கத்தில் போனைப் பிடித்திருந்த பேத்திக்கு ஓர் அட்சரம் புரியவில்லை.

மச்சான் எழுந்து நின்று, தொப்பியைச் சரி செய்து, "நான் பள்ளிச் செயலாளர் ஹாஜி உதுமான் கனி பேசறனுங்க. ரகுமான் ராவுத்தர் மகனுங்க" என்றார்.

"உதுமானா?" என்றார் அந்த அம்மா. "எப்பவும் மூக்கொழுகிட்டு எங்க முட்டக்கடையில வந்து நிப்பியே, அந்த உதுமானா நீயி?"

கமிட்டியில் ஒருவராலும் அடக்க முடியவில்லை. செயலாளர் பதவியில் இருந்த அத்தனை வருஷத்தில் அவருக்கு நேர்ந்த முதல் அவமரியாதை அது. மூக்கைத் துடைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அதை நான் சொல்லியாக வேண்டும். வளைத்துத் திரித்துக் கேட்டு, வேண்டாம் என்று அந்த அம்மாவைச் சொல்ல வைத்திருக்கலாம். அவருக்கு அது தெரியாத வித்தையா? செய்யவில்லை. "எடம் பத்தலீங்க. ஜனங்க மழையில நிக்கறாங்க. இடிச்சுட்டுப் பெருசாக் கட்டலாமுன்னு இருக்கறோம். உங்க சம்மதம் வேணுமுங்க" என்றார், உள்ளது உள்ளபடி.

"இன்னும் அங்க தொழுகறாங்களா?"

"அஞ்சு வேளையுங்க."

"அஞ்சா! எங்கப்பா சனிக்கெழம பத்து ஆம்பளையச் சேக்கறதுக்கு ஊடு ஊடாப் போவாரு. ஒருத்தரு கொறஞ்சாலும் தொழ முடியாது, எல்லாரும் உக்காந்துட்டு ரோட்டப் பாத்துட்டிருப்பாங்க. எடம் பத்தலேங்கறதக் கேட்டா அவரு சந்தோசப்படுவாருங்க. தொழுக நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னாரு. சுவத்தப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல. இடிச்சுக்கங்க."

ஜெயித்துவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை, அவருடைய வித்தையாலேயே அவரை ஜெயித்துவிட்டேன். என் ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். மச்சான் தலையை மட்டும் ஆட்டினார்.

"இடிக்கறதுக்கு முன்னால ஒருக்கா உள்ள காட்டறீங்களா?" என்றார் அந்த அம்மா. மச்சான் போனை என்னிடம் நீட்டினார். "நீ காட்டு மாப்ளே" என்றார்.

சரி என்று உள்ளே போனேன். கதவு, தாமரைத் தட்டு, அவர்களுடைய வேதச் சுருள்கள் இருந்த சுவர் மாடம் இப்போது ஹஜ்ரத் நின்று தொழவைக்கும் நமது மிஹ்ராபாக இருப்பது எல்லாவற்றையும் காட்டினேன். மேலே போங்க என்றார். முழங்கால் வலியோடு மரப்படி ஏறினேன். பெண்கள் உட்கார்ந்த மாடத்தில் நோன்புக் கஞ்சி அண்டாக்கள் கவிழ்த்துக் கிடந்தன.

"அதென்னங்க அவ்வளவு பெரிய பாத்திரம்?"

"கஞ்சி காச்சறதுங்க."

"என்ற அம்மா உக்காந்த எடமுங்க அது. பரவால்ல, அவளுக்கு அடுப்புன்னா உசுரு. அந்த மரச்சட்டத்துல ஒரு கட்ட ஒடஞ்சிருக்குங்களா? கீழ எங்கப்பாவப் பாக்கறதுக்கு நான் தலைய உட்டு ஒடச்சுட்டேன். அன்னைக்கு அடி வாங்கினேன் பாருங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, அத ஒடச்சது நீங்களா? அத நான் ஒடச்சேன்னு பாங்கு சொல்ற மோதினார் என்ற காதத் திருகி, எங்கத்தாகிட்டப் பிடிச்சுக் கொடுத்து, நான் பிரம்படி வாங்கியிருக்கேனுங்க!"

அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் அண்டாவின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து ஓய்ந்து, உடைந்த கட்டை வழியாகப் போனைக் கீழே காட்டினேன்.

"ஏனுங்க, விரிப்பு கோணலா இருக்குதே?"

சொன்னேன். சுவர் ஜெருசலேமைப் பார்க்கிறது, நாங்கள் மக்காவைப் பார்க்க இடப்பக்கம் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது, அதுதான் அந்தக் கோணல் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார்.

"இவ்வளவுதானுங்க" என்றேன்.

மூலையில் மிஞ்சுகிற இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் மச்சான் உட்காருவார் என்றேன். "உக்காரட்டுங்க, பாவம்" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கமிட்டி கூடியது. முதல் முறையாக என் தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இருந்தது. மச்சானே போட்டிருந்தார். அவரே எழுந்து, ஓர் எழுத்து விடாமல், குரல் பிசகாமல் படித்தார். "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார். ஐந்து கைகள் எழுந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் தூக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், நான் எனக்கே பதில் சொன்னதில்லை. கை முழங்கால் மேல் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது.

மச்சான் இரண்டு தடவை எண்ணினார். "அஞ்சு. பத்தல" என்றார்.

என் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். துரோகி, பெண்டாட்டி சொன்னாளா, அக்கா சொன்னாளா, மச்சான் கொடுத்த சாக்குக்கு மயங்கிவிட்டாயா என்று ஆளுக்கொரு பக்கம் என்னைப் பிய்க்க ஆரம்பித்தார்கள். சட்டையைப் பிடிக்கவும் ஒருவர் வந்தார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது மச்சான் மேஜையைத் தட்டி, "அடுத்த விசயம். இந்த வருசம் நோன்புக் கஞ்சிக்குக் கறி கெடையாது. புதினாவும் கெடையாது. செயலாளர் முடிவு பண்ணியாச்சு, யாரும் பேசக் கூடாது" என்றார். அவ்வளவுதான். மிச்ச ஒன்பது பேரும் திரும்பி அவர் மேல் பாய்ந்தார்கள். சர்வாதிகாரி என்றார்கள், ராஜினாமா செய் என்றார்கள், கஞ்சி உங்கள் அத்தா சொத்தா என்றார்கள். கறியைச் சகித்துக்கொள்ளாதவர் என்று அன்று கிடைத்த கெட்ட பெயர் அவருக்குக் கடைசி வரை போகவில்லை. அவருக்குக் கறிக்கஞ்சி என்றால் உயிர் என்பது என் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் கூச்சலில் நான் எழுந்து வீட்டுக்குப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

பள்ளி அப்படியே நிற்கிறது. பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டோம், இப்போது யாரும் நனைவதில்லை. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் குத்பா பிரசங்கம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

நான் காத்திருந்தேன். சொந்தத் தீர்மானத்துக்கே கை தூக்காதவன் என்பதைவிட நல்ல கேலி மச்சானுக்கு எங்கே கிடைக்கும்? அடுத்த கல்யாணத்தில் வரும் என்று நினைத்தேன். கார்பெட் கதைதான் வந்தது. பெருநாள் விருந்தில் வரும் என்று நினைத்தேன். ஐந்து மக்கா கதை வந்தது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து செருப்பைத் தேடுவேன். நாலு வருஷம் அப்படியே போனது.

போன மாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார். நர்ஸிடம் என்னை அறிமுகப்படுத்தி, பதினோரு நாள் கதையை மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனதும் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மச்சான், எல்லாத்தையும் சொல்லிக் காட்டறீங்க. அன்னைக்கு நான் கை தூக்காம உக்காந்திருந்தனே, அதப் பத்தி மட்டும் ஒரு வார்த்த கூடக் கேக்கலீங்களே?"

அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"என்னைக்கு மாப்ளே?" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, டீ ஆறிப்போய்விட்டது, இந்தக் குடும்பத்தில் ஒரு டீயாவது சூடாகக் கிடைத்திருக்கிறதா என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்.

மறதி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பதினோரு நாளில் மூன்றாம் நாள் அஸருக்கு யார் தாமதமாக வந்தார்கள் என்பது வரை நர்ஸிடம் சொல்லி முடித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அவருடைய கேலிகள் எல்லாம் ஊருக்குப் பொது. எடுத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீடுகளில் சொல்லுங்கள், என்னை வைத்துச் சிரியுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். "என்னைக்கு மாப்ளே?" என்று அவர் கேட்டதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.